இடிக்க வேண்டாம் என்ற மேசன்

சென்ற மாரியில் எங்கள் குசினிச் சுவரின் உச்சியிலிருந்து கையகலத்துக்குச் சாந்து பெயர்ந்து அடுப்பின் மேல் விழுந்தது. அடுப்பில் அப்போது ஒன்றும் இருக்கவில்லை. என் கணவர் அதைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டிவிட்டு, கொஞ்சம் சீமெந்து குழைத்து அப்பினால் சரி என்றார். அந்தச் சரியில் எனக்கு அப்போதே நம்பிக்கை வரவில்லை. துறைமுகக் கந்தோரில் கோப்பு அடுக்கி ஓய்வுபெற்ற மனிதர் அவர். எதையும் பெரிதாக்காமலே வாழ்க்கையை ஓட்டியவர். கூரை ஒழுகினால் கீழே வாளி வைப்பார். வாளி நிறைந்தால் இன்னும் பெரிய வாளி வைப்பார்.

நான் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். டொக்டர் எழுதியதை இரண்டு தரம் வாசிப்பேன். போத்தலில் இருக்கும் பெயரை மூன்று தரம் வாசிப்பேன். எதையும் முதலில் நம்பாமல் இருப்பது தொழிலோடு வந்த பழக்கம் என்றுதான் சொல்லிக்கொள்வேன். என் அம்மாவிடமிருந்து வந்தது என்று கணவர் சொல்வார்.

வீடு என்னுடையது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தார். உள்துறைமுக வீதியிலிருந்து கிளைக்கும் ஒழுங்கையில் நாலாவது வளவு. கோதுமைக் கப்பல் உள்ளே வரும்போது ஊதுவது குசினிவரை கேட்கும். உப்புக் காற்றில் யன்னல் கம்பியெல்லாம் செதில் செதிலாக உரிந்துபோயிருந்தது. வீட்டில் கைவைக்க வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எவ்வளவு கைவைப்பது என்பதில்தான் பிரச்சினை.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணம் முடித்து அவுஸ்திரேலியாவில் இருக்கிறாள். சாந்து விழுந்த கதையைக் கணவர் அவளுக்குச் சொல்லிவிட்டார். அடுத்த நாள் தொடக்கம் தொலைபேசியில் படங்கள் வரத் தொடங்கின. சுவரே இல்லாத குசினிகள். நடுவில் மேசைபோல ஒரு கல் மேடை, மேலே தொங்கும் விளக்குகள். திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், குசினிக்கும் பின்னறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை இடித்து, அப்படியே முன்ஹோல்வரை திறந்து மாற்றிக் கட்டுவோம் என்றாள். நாங்கள் போனபிறகு இந்த வீடு அவளுக்குத்தான். ஆனால் அவள் இங்கே வந்து இருக்கப்போவதில்லை. அப்படியிருக்க ஏன் இவ்வளவு அக்கறை? உப்புவெளிக் கடற்கரைப் பக்கமெல்லாம் வெள்ளைக்காரருக்கு அறை விடுகிறார்கள். என்னைத் தெருவில் விடாமல் வீட்டை வாடகைக்கு விடுவது எப்படி என்று யாரோ அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். மருமகனாக இருக்கலாம். அவர் கதைப்பது குறைவு. கதைப்பது குறைவானவர்களை நான் நம்புவதில்லை.

அவள் சொல்லி ஒருவர் வந்தார். வீட்டுப்படம் கீறிக் கொடுப்பவர், இளவயது. சிவப்புக் கதிரொளியால் அளக்கும் ஒரு கருவி வைத்திருந்தார். நாடா பிடிக்க ஆள் தேவையில்லை. நான் இடிக்கலாமோ என்று கேட்டால் இடிக்கலாம் என்றார். திருத்தினால் போதுமோ என்று கணவர் கேட்டால் போதும் என்றார். சுவரைப் பற்றிக் கேட்டபோது மட்டும் உறுதியாகச் சொன்னார்: அது பிறகு எழுப்பிய தடுப்புச் சுவர்தான். கூரையைத் தாங்கும் குறுக்கு மரமான தீராந்தி இந்தப் பக்க வெளிச்சுவரிலிருந்து அந்தப் பக்க வெளிச்சுவர்வரை தானாகவே நிற்கிறது. சுவரை எடுத்தால் ஒன்றும் நடக்காது.

அது பிறகு எழுப்பிய சுவர் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்டைக்குப் பயந்து அம்மாவும் நானும் வீட்டைப் பூட்டிவிட்டு மன்னார்ப் பக்கமாகப் போய்ப் படகேறி இந்தியாவுக்குப் போனோம். அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். நாலு வருடம் முகாமில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு நின்றது. ஆனால் ஒரு கதவுகூட இல்லை. வாசல் கதவு, அறைக் கதவுகள், யன்னல் பலகைகள் எல்லாவற்றையும் நிலையோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். அது அந்தக் காலத்தில் புதுமையில்லை. புதுமை என்னவென்றால், நீளமாக ஒரே அறையாக இருந்த எங்கள் குசினியின் நடுவில் ஒரு சுவர் முளைத்திருந்தது. கதவைக் களவெடுக்கிறவன் எதற்குச் சுவர் கட்டுகிறான்? அம்மா அதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்குள் எதையோ வைத்துப் பூசியிருக்கிறார்கள் என்றார். உடைத்துப் பார்க்கவும் பயந்தார். யன்னல் அந்தப் பக்கம் போய்விட்டதால் குசினி இருட்டாகிவிட்டது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் சமைத்தோம்.

கதவுகளை எடுத்தது யார் என்பதற்கும் அம்மாவிடம் பதில் இருந்தது. பக்கத்து வளவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். அந்த அன்ரிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அவர்கள் எங்களுக்கு முன்பே ஊருக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்களுடைய வீட்டில் எல்லாக் கதவும் இருந்தது. பின்கதவு நீல நிறம். எங்கள் கதவுகளும் நீலம். அப்பா படகுக்குப் பூசும் மையை வாங்கிவந்து பூசியது. அம்மாவுக்கு அது போதும். அன்றோடு அவர்களோடு கதையை நிறுத்தினார். காரணத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த அன்ரி ஒவ்வொரு நத்தாருக்கும் ஒரு தட்டில் கேக் அனுப்புவார். களவெடுத்தவைக்குத்தான் பலகாரம் குடுக்கத் தோணும் என்று சொல்லி அம்மா அதைக் காகத்துக்குப் போடுவார். தட்டைக் கழுவித் திருப்பி அனுப்புவோம். அம்மா செத்தபிறகும் நான் அந்தக் கேக்கைச் சாப்பிட்டதில்லை. ஒழுங்கையில் கண்டால் தலையசைப்பேன். அவ்வளவுதான்.

படம் கீறுகிறவர் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்க்க வேண்டும் என்று நான் நின்றதால், கணவர் தன்னோடு துறைமுகத்தில் வேலைசெய்த ஒருவர் மூலம் ஒரு மேசனை வரச் சொன்னார். குடாவுக்கு அக்கரையில் சம்பூர்ப் பக்கத்து ஆள், கலவையில் ஏமாற்றமாட்டார் என்று கேள்வி. அப்படிச் சொல்லப்படுகிறவர்களைத்தான் கவனிக்க வேண்டும்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். அறுபதுக்குக் கிட்ட வயது, ஒடிசல். படலைக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு உடனே உள்ளே வரவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். விறாந்தையில் நின்று நான் அவரைப் பார்த்தேன். கணவர் கூப்பிட்டபிறகுதான் வந்தார். காலில் சேறு, கிணற்றடியில் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டின் இடப்பக்கமாகப் போனார்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் வீட்டின் வலப்பக்கம் அகலமான பாதை. முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் அதால்தான் போவார்கள். இடப்பக்கம் இருப்பது மதிலோடு ஒட்டிய ஒரு சந்து. ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழையலாம். அது கிணற்றடிக்குப் போகிறது என்று வெளியாருக்குத் தெரியவே தெரியாது. முன்பக்கம் கண்ணுக்கு முன்னால் பைப் இருக்கிறது. கிணறு இருக்கிறது என்று இவருக்கு யார் சொன்னது?

குசினிக்குள் வந்து மேலேயும் கீழேயும் பார்த்தார். வெடித்திருந்த இடத்தைத் தடவினார். நாங்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, "இந்தச் சுவரை இடிக்க வேண்டாம்" என்றார்.

கணவருக்கு வலு சந்தோசம். திருத்தினால் போதும்தானே என்று கேட்டார். வெடிப்பை மட்டும் பூசினால் போதும், மற்றப்படி சுவரில் கைவைக்க வேண்டாம் என்று மேசன் சொன்னார். ஏன் என்று நான் கேட்டேன். பாரம் தாங்கிற சுவர் என்றார். படம் கீறுகிறவர் அப்படி இல்லை என்கிறாரே என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவர் படிச்சவர். ஆனா இடிக்க வேண்டாம், தங்கச்சி" என்றார்.

என் வயதுக்கு எத்தனையோ வேலைக்காரரைப் பார்த்திருக்கிறேன். இடிக்கத் தேவையில்லாத இடத்தை இடிக்கச் சொன்ன மேசன் உண்டு. நல்ல கூரை ஓடுகளைக் கூடாது என்று சொன்ன தச்சன் உண்டு. கையில் வரும் வேலையை வேண்டாம் என்று சொன்ன மேசனை நான் காணவில்லை. அவர் போனபிறகு கணவரிடம் இதைச் சொன்னேன். நல்ல மனிதர் என்றார் அவர். வேறொன்றும் சொல்லத் தெரியாது அவருக்கு.

இரண்டு நாள் கழித்து நான் வேலைக்குப் போயிருந்த நேரம் மேசன் திரும்ப வந்திருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை. சுவரைப் பற்றி என்ன முடிவு எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். கணவர் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டு வந்து பார்த்தால், சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாராம். போகும்போது, பக்கத்து வீட்டு அன்ரி இன்னும் இருக்கிறாவோ என்று கேட்டாராம். இதையெல்லாம் கணவர் இரவுச் சாப்பாட்டுக்கு மீன் கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

சம்பூரில் இருக்கிறவருக்கு எங்கள் ஒழுங்கையில் ஒரு அன்ரி இருப்பது எப்படித் தெரியும்? எல்லாம் ஒன்றோடொன்று சேரத் தொடங்கியது. அம்மா சொன்னது சரி. சுவருக்குள் எதுவோ இருக்கிறது. அந்த அன்ரி வீட்டார் இந்த மனிதரை வைத்துத்தான் எங்கள் வீட்டுக்குள் எதையோ மறைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் நகையைச் சுவருக்குள்ளும் நிலத்துக்குள்ளும் வைத்துவிட்டு ஓடியவர்களின் கதைகளுக்குக் குறைவில்லை. நாங்கள் இடித்தால் வெளியே வந்துவிடும். அதுதான் இடிக்க வேண்டாம் என்கிறார்.

வெள்ளிக்கிழமை கணவர் கோயிலுக்குப் போனார். நான் லீவு போட்டிருந்தேன். அவருடைய பெட்டியிலிருந்து சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனேன். அரிசி மூட்டைக்குப் பின்னால் கொத்தினால் உடனே கண்ணில் படாது. முதலில் சுத்தியல் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். நடுப்பகுதியில் சத்தம் வேறாக இருந்தது. அங்கே கொத்தினேன்.

அது சுவரே இல்லை. சாந்து உளி பட்டதும் மண்ணாகக் கொட்டியது. கடல் மணல், சிப்பித் துண்டோடு அப்படியே குழைத்திருந்தார்கள். கல்லென்று பார்த்தால் பாதி ஓட்டுத் துண்டு, உடைந்த அம்மிக்கல், நாலைந்து விதமான செங்கல். அரை மணித்தியாலத்தில் என் கை போகுமளவுக்குத் துளை விழுந்தது. உள்ளே விரலுக்கு மரம் தட்டுப்பட்டது. பெட்டி என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கொத்திவிட்டு டோர்ச் அடித்துப் பார்த்தேன்.

பெட்டியில்லை. நிமிர்ந்து நிற்கும் ஒரு மரம். கீழேயும் போகிறது, மேலேயும் போகிறது. அதில் கதவுப் பிணைச்சல் பூட்டியிருந்த பள்ளம் தெரிந்தது. நீலம்.

எங்கள் கதவு நிலைதான். சுவரைக் கட்டியவன்தான் கதவையும் எடுத்திருக்கிறான். அம்மா சாகும்வரை அவற்றை இரண்டு ஆட்களின் வேலையாக வைத்திருந்தார்.

கணவர் வந்ததும் துளையைக் காட்டினேன். மேசனைக் கூப்பிடச் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் வரச் சொல்லுங்கள் என்றேன். பின்னேரம் வந்தார். பின்னறைக்குள் கூட்டிக்கொண்டு போய், துளைக்கு முன்னால் நிறுத்தி, "அண்ணை, இதைக் கட்டினது ஆர்? உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

அவர் துளையைப் பார்த்தார். மறுக்கவில்லை.

"நான்தான், தங்கச்சி. இந்த வீட்டில ரெண்டு மாரி இருந்தனாங்கள்."

கணவர் அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். அவர் இருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னார். சம்பூரிலிருந்து ஓடிவந்தபோது அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. மனைவி, கைக்குழந்தையோடு இரண்டு பிள்ளைகள், மாமியார். எங்கள் வீட்டுப் பூட்டு ஏற்கெனவே உடைந்திருந்ததாம். அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள் என்று மனதுக்குள் நினைத்தேன். இரண்டாவது மாரியில் அடித்த காற்றில் பக்கத்து வளவுத் தென்னை எங்கள் குசினிக் கூரையில் விழுந்தது. தீராந்தி நடுவில் வெடித்துத் தொங்கியது. ஓடு பிள்ளைகள் படுத்த பாய்க்குப் பக்கத்தில் கொட்டியது. அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. அறைக் கதவின் நிலையைப் பெயர்த்து, வெடித்த இடத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்தார். அது தனியே ஆடியது. பிள்ளைகள் தட்டிவிழுத்திவிடுவார்கள் என்று அதைச் சுற்றிக் கிடைத்த கல்லையெல்லாம் அடுக்கி, யாரோ விட்டுப்போன அரை மூட்டைச் சீமெந்தில் கடற்கரை மணலைக் கலந்து ஒரு சுவர் எழுப்பினார். தீராந்தியில் இருந்த வெடிப்பையும் சேர்த்துப் பூசிவிட்டார். அதுவரை வயலும் கடலும்தான் அவருக்குத் தெரிந்த வேலை. வாழ்க்கையில் கட்டிய முதல் சுவர் அது. பிறகுதான் மேசன் வேலைக்குப் போனாராம்.

"மற்றக் கதவுகள்?" என்று கேட்டேன்.

வாசல் கதவைக் கழற்றி அதில் மாமியாரைக் கிடத்தி நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மாமியார் திரும்பவில்லை, கதவையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். மிச்சத்தை எரித்தார்கள்.

"எல்லாத்தையுமோ?"

"ஓம். மழைக்கு விறகு ஒண்டும் இருக்கேல்ல. பிள்ளையளுக்குக் கஞ்சி வைக்க வேணும். எல்லாத்தையும் எரிச்சனாங்கள்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதும்போதும் குறைத்துச் சொல்ல விருப்பமில்லை. நாங்கள் திரும்பி வந்த முதல் வருடம் வாசலில் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டிருந்தோம். ஒழுங்கையில் எந்த நேரமும் ஆமிக்காரரின் சப்பாத்துச் சத்தம் கேட்கும். அம்மா அந்தச் சாக்குக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். குளிக்கும்போதும் உடுப்பு மாற்றும்போதும் ஒருவருக்கு ஒருவர் காவல். கதவில்லாத வீட்டில் இரண்டு பெண்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசித்தீர்களா என்று அவரிடம் கேட்டேன்.

"அப்ப யோசிக்கேல்ல. பிறகு யோசிச்சனான்" என்றார். துளை ஓரத்தில் உதிர்ந்த மண்ணைத் தட்டிவிட்டு, "நாங்கள் திரும்பிப் போனா எங்கட வீட்டிலயும் கதவில்லை" என்றார். அதை நியாயமாகச் சொன்னாரா, வெறும் செய்தியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு ஏன் இங்கே வந்தீர்கள், வராமலே விட்டிருக்கலாமே என்றேன். இந்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் குசினிச் சுவரை இடிக்கப்போகிறார்கள் என்று, அவரைக் கூப்பிட்ட துறைமுக ஆள் சொல்லித்தான் கேள்விப்பட்டாராம். எந்த வீடு என்று விசாரித்தாராம். இடித்தால் தீராந்தி ஆட்களின் மேலே இறங்கும் என்று அவருக்குத்தான் தெரியும். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் தடுத்துவிடலாம் என்று நினைத்தாராம்.

நான் அதையும் நம்பவில்லை. நல்லவனாகக் காட்டிக்கொள்ளச் சொல்கிற கதையாகவும் இருக்கலாம். கணவரை ஏணி வைத்து ஏறிக் கூரை ஓடுகளைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். வாளி வைக்கிற மனிதர் அன்று மறுபேச்சில்லாமல் ஏறினார். தீராந்தி வெடிப்புக்குள் விரல் போகிறது, கம்பி சுற்றிக் கட்டியிருக்கிறது, கம்பி துருப்பிடித்து அறுந்துவிட்டது என்று மேலிருந்து சொன்னார். இறங்கி வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் குசினியைவிட்டு வெளியே வரச் சொன்னார். அந்தத் தீராந்திக்குக் கீழே நின்றுதான் நான் காலையில் உளியால் கொத்தினேன் என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

மேசனைப் போகச் சொன்னேன். முடிவை அறிவிக்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்தப் படலையைத் திறந்து எத்தனை வருடம் என்று நினைவில்லை. அன்ரிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. விறாந்தையில் இருந்து நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தார். நல்ல செய்தி கொண்டுபோகிறேன் என்றுதான் நினைத்தேன். முப்பது வருடப் பிழையை நானே போய்த் திருத்துகிறேன் என்று ஒரு பெருமைகூட இருந்தது.

சம்பூர் ஆள் எங்கள் வீட்டில் இருந்ததைச் சொன்னேன். அன்ரிக்கு அது புதுமையாக இல்லை. "ஓம், இருந்தவன்தானே. அவன்ட பெண்சாதிக்குப் பிள்ளைத் துணிக்குப் பழஞ்சீலை கிழிச்சுக் குடுத்தது நான்தான்" என்றார். மாமியார் செத்த வீட்டுக்கும் போனாராம். கதவில் தூக்கிப் போனதைக் கண்ணால் கண்டவர்.

அப்போது நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. அம்மா உங்களைத்தான் சந்தேகப்பட்டவ, நானும்தான், மன்னிக்க வேணும் என்று சொன்னேன்.

அவருடைய கை நின்றது.

"நாங்களோ? உங்கட கதவையோ?"

அவருக்கு அது தெரியாது. இத்தனை வருடமாக ஏன் கதைக்கவில்லை என்று அவருக்கு வேறொரு காரணம் இருந்தது. தங்கள் தென்னை எங்கள் கூரையில் விழுந்ததற்குத்தான் அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருக்கிறார். சாய்ந்த மரம், முன்பே தறித்திருக்க வேண்டும் என்று அவருடைய கணவரோடு எத்தனையோ தரம் சண்டை பிடித்தாராம். அந்தக் குற்றத்துக்குத்தான் வருடா வருடம் கேக்.

"ஒரு சொல்லுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பன், பிள்ளை" என்றார். பிறகு கேட்டார்: "அந்தக் கேக்கை என்ன செய்தனீங்கள்?"

"சாப்பிட்டனாங்கள், அன்ரி" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மற்றவர்களின் பொய்யைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். என் பொய் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. நெத்தலிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் திரும்பி வரவில்லை. படலையைச் சாத்திவிட்டு வந்தேன். பின்கதவு இப்போது பச்சை நிறம்.

வீட்டு வேலையை யாரிடம் கொடுப்பது என்று மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் அந்த மேசனிடமே கொடுத்தேன். மன்னித்து அல்ல. அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று முழுக்கத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். படம் கீறுகிறவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். துளையையும் தீராந்தியையும் பார்த்துவிட்டு, தனக்கும் அப்படி ஒரு ஐமிச்சம் இருந்தது என்றார். இருக்கவில்லை. ஆனால் முட்டு எங்கே கொடுப்பது, புது மரம் என்ன கனத்தில் போடுவது என்பதை ஒழுங்காகக் கணக்குப் பார்த்துத் தந்தார்.

தீராந்தியை மாற்றியே ஆக வேண்டும். மாற்றியபிறகு அந்தச் சுவருக்கு வேலையில்லை. ஆகவே திருத்தப்போய், அது தானாகவே பாதி மாற்றிக் கட்டுவதாகிவிட்டது. மகளிடம் சுவரை எடுக்கப்போகிறேன், ஆனால் முன்ஹோல்வரை திறக்கமாட்டேன், மீன் பொரிக்கிற மணம் விறாந்தைக்கு வரக்கூடாது என்றேன். வீட்டை வாடகைக்கு விடுகிற யோசனையா என்றும் நேரடியாகக் கேட்டுவிட்டேன். "அம்மா, நீங்கள் குசினியில நிண்டு வீடியோவில கதைக்கேக்க எனக்கு உங்கட முகமே தெரியிறதில்லை. அவ்வளவு இருட்டு. அதுக்குத்தான் சொன்னனான்" என்றாள். மருமகனைப் பற்றி நான் நினைத்ததைச் சொல்லாமல் விட்டேன்.

இரும்பு முட்டுகள் கொடுத்து, தச்சர் வந்து, பழைய மரத்தை இறக்கிப் புது மரம் ஏற்ற ஐந்து நாள் எடுத்தது. ஆறாம் நாள் மேசன் சுவரை இடித்தார். நான் லீவு எடுத்துக்கொண்டு பின்வாசலில் கதிரை போட்டு இருந்தேன். உண்மையைச் சொன்னால், இன்னும் ஏதாவது வெளியே வருமோ என்று பார்க்கத்தான். ஒன்றும் வரவில்லை. கை பட்டதும் விழுந்தது சுவர். அவர் ஒரு கட்டியை எடுத்து விரலால் பொடியாக்கிப் பார்த்து, இவ்வளவு காலம் எப்படி நின்றது என்று தனக்குத்தானே கேட்டார். நிலை மரத்தின் அடி ஒரு முழத்துக்குக் கறையான் தின்றுபோயிருந்தது. அதை மற்ற மரக்கழிவோடு உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். வேலை முடிந்த நாள், புதுப் பின்கதவு ஒன்று செய்து தருகிறேன் என்றார். எங்களிடம் கதவு இருக்கிறது என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

இடித்த தூசி மதிலுக்கு அந்தப் பக்கம் காய்ந்த உடுப்பில் படிந்துவிட்டது. அன்ரி மதிலடிக்கு வந்து, சொல்லிவிட்டு இடித்திருக்கலாம்தானே என்று கேட்டார். என்னிடமல்ல, மேசனிடம். அவர் வேலையை விட்டுவிட்டுப் போனார். இரண்டு பேரும் வெகுநேரம் கதைத்தார்கள். அவருடைய மனைவி, பிள்ளைகள், இரண்டாம் முறையும் ஓடியது, திரும்பி வந்து கட்டிய வீடு எல்லாம் அன்ரி விசாரித்தது கேட்டது. பிறகு குரல் தாழ்ந்தது. என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். மேசன் திரும்பி வந்து கரண்டியை எடுத்தபோது, என்ன சொன்னவ என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மூன்று கிழமை போனபிறகு ஒரு சனிக்கிழமை அன்ரி எங்கள் வீட்டுக்கு வந்தார். குசினி வாசலில் நின்று மேலே பார்த்தார். யன்னலால் வெயில் அடுப்புவரை வந்திருந்தது. தன்னுடைய தீராந்தியும் அந்தக் காலத்து மரம்தான், ஒருக்கால் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தச்சரின் இலக்கத்தைக் கேட்டார். ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்தேன். கேத்திலை அடுப்பில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ அன்ரி என்றேன்.

"இன்னொரு நாளைக்கு வாறன், பிள்ளை" என்று சொல்லிவிட்டு, துண்டை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

வருவாரா என்று தெரியாது. கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கினேன்.